ராத்திரி ஷிப்டில் யார் எழுதுவது? - பராமரிப்பு மென்பொருளின் கதை

வணிகவியல் படிக்கிறவனுக்கு பேரிங், பெல்ட், கியர்பாக்ஸ் பற்றியெல்லாம் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் இது எப்படி என் தலையில் ஏறியது என்று சொல்லிவிடுகிறேன்.

விடுமுறையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டாவது வாரம் மேலாளர் என்னிடம் மூன்று கொட்டேஷன்களைக் கொடுத்தார். மூன்றுமே பராமரிப்பு மேலாண்மை மென்பொருள் விற்கும் கம்பெனிகளுடையவை. எந்த மெஷின் எங்கே இருக்கிறது, எப்போது கிரீஸ் வைக்க வேண்டும், எப்போது நின்றது, யார் சரி செய்தார், என்ன உதிரிபாகம் போட்டார், எவ்வளவு செலவு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருள் அது. சுருக்கமாக சி.எம்.எம்.எஸ். என்பார்கள். "எதுல என்ன இருக்குன்னு ஒரு டேபிள் போட்டுக் குடுப்பா" என்றார் மேலாளர்.

எக்செல்லில் 42 வரிசை போட்டேன். மூன்று கம்பெனிக்கும் மூன்று கட்டம். இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. எனக்கே பெருமையாக இருந்தது! பிரிண்ட் எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸ் மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிதானுங்க தம்பி. ராத்திரி ஷிப்டுல இத யாரு எழுதுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவர் வைத்திருந்த பிரேக்டவுன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக "பேரிங் மாற்றியது. ஓகே." "பெல்ட் மாற்றியது. ஓகே." ஏன் போயிற்று என்று ஒரு வரி கிடையாது. ஒரே மெஷினுக்கு ஏன் அடிக்கடி பேரிங் மாற்ற வேண்டி வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த ரிஜிஸ்டரை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், "ஓகே" என்பது அழகான எழுத்துருவில் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று இரவு படிக்க ஆரம்பித்தது பல நாள் இழுத்தது. படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் விற்பவர்களின் பட்டியலில் இல்லை. பராமரிப்பு என்பதை மனிதர்கள் எங்கெங்கே தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்ற வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

அடிக்கடி சோதித்தால் நல்லதா?

ஆரம்ப காலத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஒரே கொள்கைதான்: ஓடும்வரை ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம். நம் பாடப் புத்தகத்திலும் பழுதுபார்ப்புச் செலவு என்பது வருவாயினச் செலவு, லாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் ஒரு வரி. அதற்கு மேல் நாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

இதை அறிவியலாக ஆராய வைத்தது இரண்டாம் உலகப் போர். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடும் வேலை பிரிட்டிஷ் விமானப் படையின் கோஸ்டல் கமாண்ட் பிரிவுக்கு இருந்தது. விமானங்களோ குறைவு. இருப்பதிலும் நிறைய எப்போதும் பழுதுபார்க்கும் கொட்டகையிலேயே நின்றன. இதை ஆராய அமர்த்தப்பட்ட விஞ்ஞானிகள் குழுவில் இருந்தவர் சி.எச். வாடிங்டன். அவர் இன்ஜினியர் அல்ல, உயிரியல் அறிஞர். எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை 1942ல் உருவாக்கியவரே இவர்தான்.

ஒவ்வொரு விமானமும் 50 மணி நேரம் பறந்ததும் சோதனைக்கு வர வேண்டும் என்பது விதி. இந்தக் குழு ஒரு சின்ன வேலை செய்தது. சோதனை முடிந்து எத்தனை மணி நேரத்தில் பழுதுகள் வருகின்றன என்று வரைபடம் போட்டது. சோதனை முடிந்து நாளாக நாளாகப் பழுது கூட வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது தலைகீழ். சோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம். பறக்கப் பறக்க அவை குறைந்தன. அதாவது நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பல பழுதுகளுக்குக் காரணம். போர் முடிந்ததும் எழுதப்பட்ட இந்த விவரங்கள் புத்தகமாக வெளிவந்தது 1973ல்தான். இன்றும் இதை 'வாடிங்டன் விளைவு' என்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இன்றைய மென்பொருள் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? 50 மணி ஆனதும் மணி அடித்திருக்கும். எல்லாச் சோதனையும் நேரத்துக்கு முடிந்தது, நூற்றுக்கு நூறு என்று பச்சை நிறத்தில் காட்டியிருக்கும். விமானங்கள் மட்டும் கொட்டகையிலேயே நின்றிருக்கும்!

விமான கம்பெனிகள் கற்ற பாடம்

இதே பாடத்தைப் பயணிகள் விமானத் துறை வேறு வழியில் கற்றது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வயது உண்டு, அந்த வயது வந்ததும் கழற்றிப் புதுப்பித்துவிட்டால் பழுதே வராது என்று 1950களில் நம்பினார்கள். போயிங் 747 வரப்போன சமயம், இவ்வளவு பெரிய விமானத்துக்குப் பழைய முறையில் பராமரிப்பு செய்தால் கட்டுபடியாகாது என்று புரிந்தது. 1968ல் எம்.எஸ்.ஜி.-1 என்ற புதிய முறையை விமான கம்பெனிகளும் தயாரிப்பாளரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

பத்து வருடம் கழித்து, 1978ல், யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் வரும் எண்கள் என்னை அசத்திவிட்டன. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் வயதாவதால் பழுது கூடுவது 11 சதவீதம் மட்டுமே. மீதி 89 சதவீதப் பாகங்களுக்கு இத்தனை மணிக்கு ஒருமுறை கழற்று என்று வரம்பு வைப்பதில் பயனில்லை. அதிலும் 68 சதவீதம், புதிதாக மாட்டிய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகமுள்ள வகை. பழைய முறையில் டி.சி.-8 விமானத்துக்கு 339 பாகங்களைக் காலக்கெடு வைத்துப் புதுப்பித்தார்கள். புதிய முறையில் டி.சி.-10க்கு வெறும் 7 பாகங்கள்!

இதிலிருந்து தெரிவது, காலண்டர் பார்த்து வேலை ஒதுக்குவது மட்டும் பராமரிப்பு ஆகாது. எந்தப் பாகம் எப்படிப் பழுதாகிறது என்ற பழைய விவரம் கையில் இருந்தால்தான் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்ய முடியும். அந்த விவரம் "ஓகே" என்று எழுதுவதால் வராது.

மெஷின் ஓட்டுபவரே முதல் வைத்தியர்

அதே காலத்தில் ஜப்பானில் வேறொரு யோசனை. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த நிப்பான்டென்சோ கம்பெனியில் தானியங்கி மெஷின்கள் பெருகியபோது, பராமரிப்பு ஆட்கள் மட்டும் எல்லாவற்றையும் கவனிக்க முடியவில்லை. துடைப்பது, எண்ணெய் விடுவது, தளர்ந்த போல்ட்டை முடுக்குவது போன்ற அன்றாட வேலைகளை மெஷின் ஓட்டுபவர்களிடமே கொடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவு பெரிய வேலைகளைப் பார்த்துக்கொண்டது. 1971ல் இதற்காக அந்தக் கம்பெனி விருது பெற்றது. டி.பி.எம். என்று நம் ஊர்த் தொழிற்சாலைச் சுவர்களில் எழுதியிருக்கிறதே, அது இங்கிருந்து வந்ததுதான். செய்இச்சி நகாஜிமா இதை உலகெங்கும் பரப்பினார்.

மெஷினில் வித்தியாசமான சத்தம் வருவதை முதலில் கேட்பவர் அருகில் நிற்கும் தொழிலாளிதான். அவரால் எழுத முடியாத மென்பொருளுக்கு அந்தச் சத்தம் தெரியவே தெரியாது.

அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

1960களில் பெரிய கம்பெனிகள் பராமரிப்பு விவரங்களை மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தன. ஃபிட்டர் தாளில் எழுதுவார். அதை வேறொருவர் துளை அட்டையில் குத்துவார். பிறகு கம்ப்யூட்டர் படிக்கும். அதாவது வேலை செய்தவர் ஒருவர், பதிவு செய்தவர் இன்னொருவர், அறிக்கை படித்தவர் மூன்றாமவர். மேஸ்திரியின் கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

1968ல் அமெரிக்காவில் பி.எஸ்.டி.ஐ. என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. முதலில் திட்ட மேலாண்மைக்கான மென்பொருள் செய்தது. 1985ல் மேக்சிமோ என்ற பராமரிப்பு மென்பொருளை வெளியிட்டது. பிற்பாடு எம்.ஆர்.ஓ. சாஃப்ட்வேர் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியை 2006ல் ஐ.பி.எம். சுமார் 74 கோடி டாலருக்கு வாங்கியது. இன்னொரு பக்கம், ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் ஜெர்மனியில் 1972ல் தொடங்கிய எஸ்.ஏ.பி., 1992ல் ஆர்/3 என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. கணக்கு, கொள்முதல், கிடங்கு ஆகியவற்றோடு பராமரிப்பும் அதில் ஒரு பிரிவு.

இங்கேதான் நம் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மேக்சிமோ போன்றவை மெஷினிலிருந்து தொடங்கி கணக்குக்கு வந்தவை. எஸ்.ஏ.பி. போன்றவை கணக்கிலிருந்து தொடங்கி மெஷினுக்குப் போனவை. இரண்டுக்கும் பார்வை வேறு. கணக்குப் பிரிவின் நிலைச் சொத்துப் பதிவேட்டில் ஒரு ரிங் பிரேம் என்பது பெரும்பாலும் ஒரு வரி: வாங்கிய தேதி, விலை, தேய்மானம். ஆனால் ஃபிட்டருக்கு அதே ரிங் பிரேம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள், ஒரு மோட்டார், கியர்கள், உருளைகள். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கணக்குப் பிரிவிடம் போனால் ஒரு வரிப் பட்டியலோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு. என் 42 வரிசை டேபிளில் "மெஷினைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பதிய முடியுமா?" என்ற வரிசையே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பைப்பர் ஆல்ஃபா: இரண்டு தாள்கள், 167 உயிர்கள்

ஒரு பதிவேடு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே, வட கடலில், சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. ஆக்சிடென்டல் கம்பெனி நடத்தியது. 1988 ஜூலை 6ந் தேதி அதில் 226 பேர் இருந்தார்கள்.

எரிவாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் குழாயில் தள்ள அங்கே 'ஏ', 'பி' என்று இரண்டு பம்புகள். ஒன்று ஓடினால் மற்றது ஓய்வில் இருக்கும். அன்று பகலில் 'ஏ' பம்புக்கு ஒரு பெரிய பராமரிப்பு வேலை திட்டமிடப்பட்டு அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு போடப்பட்டது. ஆனால் வேலை தொடங்கவில்லை. அதே பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்ற வேறொரு அனுமதிச் சீட்டு. இந்த வேலை தொடங்கிவிட்டது. வால்வைக் கழற்றினார்கள். மாலை 6 மணிக்குள் திரும்ப மாட்ட முடியவில்லை. திறந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்திவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போனார்கள். ஷிப்ட் மாறும்போது இது அடுத்த ஷிப்டுக்குச் சொல்லப்படவில்லை. நிறுத்தி வைத்த வேலைகளின் சீட்டுகள் கட்டுப்பாட்டு அறையில் இல்லாமல் வேறோர் அறையில் வைக்கப்பட்டன.

இரவு 9.45 மணி வாக்கில் 'பி' பம்பு நின்றது. மீண்டும் ஓடவில்லை. 'ஏ' பம்பையாவது ஓட்டலாமா என்று சீட்டுகளைத் தேடினார்கள். பெரிய பராமரிப்பு வேலைக்கான சீட்டு கிடைத்தது. வேலை தொடங்கவில்லை, ஆகவே ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு கழற்றப்பட்ட சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டும் ஒரே பம்புக்கு உரியவை என்று இணைத்துக் காட்ட எதுவும் இல்லை. பம்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியே வாயு கசிந்தது. 10 மணிக்கு முதல் வெடிப்பு. மேடையில் இருந்தவர்களில் 165 பேரும் மீட்க வந்த இருவரும் இறந்தார்கள். 61 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

லார்டு கல்லன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990ல் வெளியானது. 106 பரிந்துரைகள். வேலை அனுமதி முறையும் ஷிப்ட் மாற்றத்தில் தகவல் சொல்லும் முறையும் அதில் முக்கிய இடம் பெற்றன.

யாரும் எழுதாமல் விட்டதால் இது நடக்கவில்லை. எழுதினார்கள். சீட்டு இருந்தது. தேவைப்பட்ட நிமிடத்தில், தேவைப்பட்டவர் கையில் இல்லை! ஒரு பம்பின் பெயரைத் தட்டினால் அதன்மேல் நிலுவையில் உள்ள எல்லா வேலைகளும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்பது வெறும் வசதி அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1984 டிசம்பர் 2ந் தேதி நள்ளிரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. குளிர்விப்பதை நிறுத்தியது மறதி அல்ல, நிர்வாகத்தின் முடிவு. பராமரிப்பில் மிச்சம் பிடிப்பது என்று மேலே முடிவு செய்துவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

இவ்வளவும் படித்த பிறகு என் டேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆறு கேள்விகள் மட்டும் எழுதினேன்.

1. கையில் எண்ணெயோடு நிற்கும் ஃபிட்டர் போனில், தமிழில், ஒரு நிமிடத்துக்குள் பதிய முடியுமா? இணைப்பு இல்லாத மூலையில் நின்றாலும் பதிவாகுமா?

2. "ஓகே" என்று மட்டும் எழுதி மூட முடியுமா, அல்லது என்ன பழுது, ஏன் வந்தது என்று தேர்ந்தெடுக்க வைக்குமா? இதற்காகவே எண்ணெய்த் துறையில் 1999ல் ஐ.எஸ்.ஓ. 14224 என்ற தரநிர்ணயம் வந்தது. எல்லோரும் ஒரே பழுதை ஒரே பெயரில் எழுதினால்தான் ஒப்பிட முடியும். அதற்காக நூறு காரணங்கள் உள்ள பட்டியலும் வேண்டாம். யாரும் படிக்காமல் முதலில் இருப்பதைத் தட்டிவிடுவார்கள். பத்து, பதினைந்து போதும்.

3. ஒரு மெஷினின்மேல் நிலுவையில் உள்ள வேலைகள் அனைத்தும் ஒரே திரையில் தெரியுமா? ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் பார்த்ததற்குப் பதிவு இருக்குமா?

4. பழைய விவரங்களைப் பார்த்து ஒரு வேலையின் இடைவெளியைக் கூட்டவும், தேவையில்லாத வேலையை நீக்கவும் உதவுமா? அல்லது நினைவூட்டல் மட்டும்தானா?

5. கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றால் என்ன நடக்கும்? நிர்வாகம் நாலு பேருக்கு மட்டும் வாங்கும். ராத்திரி ஷிப்ட் முழுவதும் ஒரே பாஸ்வேர்டில் எழுதும். யார் செய்தார் என்ற விவரம் போய்விடும். மலிவான கொட்டேஷன் இங்கேதான் விலை அதிகமாகிறது.

6. வெளியேற விரும்பினால் நம் விவரங்களை முழுசாக எடுத்துக்கொண்டு போகலாமா? இந்தத் துறையில் கம்பெனிகள் கைமாறுவது சகஜம். மேக்சிமோ ஐ.பி.எம்.முக்குப் போனது போல, 2016ல் இமெயின்ட்டை ஃப்ளூக் வாங்கியது. ஃபிக்ஸ் கம்பெனியை வாங்கப்போவதாக 2020ல் ராக்வெல் ஆட்டோமேஷன் அறிவித்தது. மென்பொருள் மாறலாம், பத்து வருடப் பழுது வரலாறு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இதோடு கொட்டேஷனில் இல்லாத ஒரு செலவையும் சேர்த்தேன். எல்லா மெஷின்களையும் பாகங்களையும் உதிரிகளையும் பெயரிட்டு எண்ணிட்டு ஏற்றும் உழைப்பு. அதைச் செய்ய ஆளும் நாளும் ஒதுக்காமல் மென்பொருள் மட்டும் வாங்குவது, பாத்திரம் வாங்கிவிட்டு அரிசி வாங்காதது போல.

ஆறு கேள்விகளையும் மேஸ்திரியிடம் காட்டினேன். இரண்டாவது கேள்வியில் மட்டும் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "காரணம் எழுதுனா, ஏன் ஒழுங்கா பாக்கலைன்னு எங்களத்தான் திட்டுவாங்க தம்பி. அதான் ஓகேன்னு எழுதறதுங்க" என்றார். 42 வரிசையிலும் ஆறு கேள்வியிலும் இல்லாதது அது. உண்மையை எழுதினால் தண்டனை என்றால் எவ்வளவு நல்ல மென்பொருளிலும் பொய்தான் சேரும். மேலாளரிடம் அதையும் ஏழாவதாக எழுதிக் கொடுத்தேன். மென்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது, நிர்வாகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

அந்த மில் கடைசியில் எதை வாங்கியது என்று கேட்காதீர்கள். என் பயிற்சி முடியும்வரை முடிவாகவில்லை. ஆனால் மூன்று கம்பெனிகளையும் அழைத்து, ஒரே ஒரு பிரிவில், ராத்திரி ஷிப்டில் ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்று மேலாளர் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். பகலில், ஏசி அறையில், புரொஜெக்டரில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும்.

உங்கள் வீட்டிலோ, அப்பாவின் பட்டறையிலோ இப்படி ஒரு ரிஜிஸ்டர் இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் எத்தனை "ஓகே" இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.